ரஞ்சனி மிஸ்ஸை ‘நீ’ என்று அழைக்க ஒருவர்

அபிராமபுரத்தில் பிரெஞ்சு டியூஷன் எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாடிப் போர்ஷனைத்தான் கைகாட்டுவார்கள். சாயங்காலமானால் கேட்டுக்கு வெளியே சைக்கிள்களும் மொபெட்டுகளும் தாறுமாறாக நிற்கும். மேலே ஸ்ரீரஞ்சனி கரும்பலகையில் வினைச்சொற்களை எழுதிக்கொண்டிருப்பாள். அவளை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. நாற்பத்தைந்து வயதானவள், எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சையில் கரையேற்றிவிட்டவள். ஆனால் மரியாதை அவளுக்குத் திகட்டத் திகட்டக் கிடைத்துவிட்டது. அதனால் இங்கே ‘அவள்’ என்றே இருக்கட்டும்.

பிள்ளைகள் பிரெஞ்சு மேல் இருக்கிற ஆசையில் அங்கே வரவில்லை. பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதற்காக வந்தார்கள். பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிட்டு என்ஜினீயரிங் படிக்கப் போய்விடுவார்கள். போகும்போது ஸ்வீட் பாக்கெட் கொடுத்து, “தேங்க்ஸ் மிஸ், நீங்க இல்லேன்னா பாஸே பண்ணியிருக்க மாட்டேன்” என்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அவளை மேடம் என்பார்கள். கீழ் வீட்டுக்காரர், அவளைவிடப் பத்து வயது பெரியவர், அவரும் “டீச்சர், தண்ணி லாரி வந்தாச்சு, குடத்தை எடுத்துண்டு வாங்கோ” என்பார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றால் அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஜாதகங்கள் வந்தன, போயின. ஒன்று ஒத்துவந்தபோது அப்பா படுக்கையில் விழுந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் இரண்டாம் தாரம் கேட்டு வந்தவர்கள், பிறகு அவர்களும் வரவில்லை. அம்மாவும் பெண்ணுமாக மிச்ச வருஷங்கள் ஓடின. தொண்ணூற்றேழில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

அம்மா இருந்தவரை, “ஏண்டி ரஞ்சு, நீ சாப்ட்டியோ இல்லையோ?” என்று ஒரு குரல் அந்த வீட்டில் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, ஒரு காலை பால் காய்ச்சிக்கொண்டு நிற்கும்போதுதான் ஸ்ரீரஞ்சனிக்கு அது உறைத்தது. இனி தன்னை ‘நீ’ என்று கூப்பிட இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுகூடத் தெரியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர்கள் உண்டுதான். “இன்னாம்மா, எங்க போவணும், ஏறு!” என்பார்கள். பஸ்ஸில், “உள்ள போம்மா, படியிலயே நின்னுகினு கீற!” என்று கண்டக்டர் கத்துவார். அதையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டால் மெட்ராஸில் அநாதை என்று ஒருத்தரும் இருக்க முடியாது.

பிரெஞ்சிலும் நம்மைப் போலவே இரண்டு இருக்கிறது. ‘நீ’க்கு ‘து’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’. இந்தப் பாடம் நடத்தும்போது மட்டும் ஸ்ரீரஞ்சனிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றாது. “இங்கிலீஷ்காரனுக்குத்தான் இது கஷ்டம். நமக்கு இதைச் சொல்லியா தரணும்?” என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவாள். அவளைக் கடைசியில் கவிழ்த்தது அந்தத் தைரியம்தான்.

வாரத்தில் சில நாள் அவள் தி.நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு டியூஷன் சென்டருக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே சின்ன வகுப்புகளை எடுத்தவள் ஆஷா. பட்டினப்பாக்கத்துப் பெண். அப்பா மிக்கேல் கடலுக்குப் போகிறவர், அம்மா தேசம்மா மீன் விற்கிறவள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு படித்து, அதையே பிழைப்பாக்கிக்கொண்டவள். போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆஷாவுக்கு ஸ்ரீரஞ்சனியைப் பிடிக்கும். அந்தத் தனிமையைப் பார்க்கத்தான் பிடிக்காது.

தொண்ணூற்றொன்பதின் தொடக்கத்தில் லஸ்ஸில் தனபாலன் என்பவர் பிரவுஸிங் சென்டர் திறந்தார். பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். ஆஷா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்தாள். பிரெஞ்சுக்காரர்கள் துணை தேடிக்கொள்கிற பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினாள்.

“கண்றாவி! ஆஷா, நீ சித்த சும்மா இரு.”

“மிஸ், கல்யாணமா பண்ணிக்கச் சொல்றேன்? ‘கடிதத் தொடர்பு மட்டும்’னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல டிக் போடுங்க. உங்க பிரெஞ்சும் துருப்பிடிக்காம இருக்கும்.”

ஸ்ரீரஞ்சனி படித்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாக ஆண்கள், பெண்கள். உயரம், கண் நிறம், பிடித்த சமையல். எல்லாரும் முன்பின் தெரியாதவர்களை ‘து’ போட்டு அழைத்தார்கள். நீ எங்கே இருக்கிறாய், நீ சிரிக்கத் தெரிந்தவளா, நீ வந்தால் கடற்கரைக்குப் போகலாம். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. “பாரிஸ்ல இருக்கிறவாளும் நம்ம ஆட்டோக்காரா மாதிரியே பேசறாளே” என்றாள். ஆனாலும் மூடச் சொல்லவில்லை. கீழே வரை போய்ப் படித்தாள்.

மறுவாரம் தன்னைப் பற்றி எழுதிப்போட்டாள். அந்தக் கீபோர்டில் பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் வருகிற கோடுகளைப் போட வழி தெரியவில்லை. அதற்கு முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மற்றதெல்லாம் உள்ளதை உள்ளபடி. ஆசிரியை, சென்னை, கர்நாடக சங்கீதம் கேட்பேன், மாமிசம் சாப்பிடமாட்டேன். ‘உங்களுக்கு விருப்பமிருந்தால் எழுதுங்கள்’ என்று வூ போட்டு முடித்தாள். அந்தச் சந்தை முழுக்கத் தேடினாலும் வூ போட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான் இருந்திருப்பாள்.

அதற்காகவே ஒருவர் எழுதினார். பெயர் எத்தியென். நான்த் என்கிற ஊரில் தபால் இலாகாவில் வேலை பார்த்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர், அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். ‘இங்கே எல்லாரும் என் தோளில் கை போட்டுப் பேசுகிறார்கள். நீங்கள் மட்டும்தான் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறீர்கள். நானும் பழைய காலத்து ஆள்’ என்று எழுதியிருந்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஸ்ரீரஞ்சனி அதைத்தான் முதலில் பார்த்தாள், பழக்கதோஷம்.

வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆயிற்று. அவர் தன் ஊர் ஆற்றைப் பற்றியும், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற எரிச்சலைப் பற்றியும் எழுதினார். அவள் தெப்பத்தைப் பற்றி, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி, அம்மா இல்லாத வீட்டைப் பற்றி எழுதினாள். பிரெஞ்சில் எழுதினால் வெட்கம் குறைந்தது. தமிழில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னாள். தனபாலன் அவளைப் பார்த்ததுமே மூலைத் தடுப்பைக் காலி செய்துவைப்பார். பிள்ளைகள்கூடக் கவனித்தார்கள், மிஸ் இப்போதெல்லாம் திட்டுவதில்லை என்று.

ஜூலையில் அவர் கேட்டார்: ‘டிசம்பரில் உங்கள் ஊரில் சங்கீதம் நிறைய என்று எழுதியிருந்தீர்கள். நான் வந்தால் தொந்தரவாக இருக்குமா?’

தொந்தரவா! அன்றைக்கு அவள் வீட்டுக்கு நேராகப் போகவில்லை. பஸ் பிடித்து பெசன்ட் நகர் போனாள். வேளாங்கண்ணி கோயில் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்கி, சுண்டல்காரர்களுக்கும் பலூன் சுடுகிறவர்களுக்கும் நடுவே காலில் மணல் ஒட்ட ஒட்ட நடந்தாள். ஒரு வெள்ளைக்காரரோடு தான் இங்கே நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாகவும் இருந்தது. அந்த வாரமே ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கினாள்.

ஆகஸ்டில் அந்தக் கேள்வி வந்தது. மிகவும் தயங்கித்தான் கேட்டிருந்தார். ‘இத்தனை மாதம் ஆயிற்று. இனி நாம் ஒருவரையொருவர் து என்று அழைக்கலாமா? நீங்கள் சம்மதித்தால்தான்.’

இதற்காகத்தானே காத்திருந்தாள்! ‘நீ’. அந்த மனிதர் தன்னை ‘நீ’ என்று அழைக்கப்போகிறார். அப்பாவின் குரல் காதில் கேட்டது. அப்பா சுப்பராமன் தன் மனைவியைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, “நீ சித்த வரியா?” என்பார். அந்த ‘நீ’யில் எல்லாம் இருந்தது. அம்மாவோ கடைசி வரை அவரை ‘நீங்கோ’தான். “ஏன்னா, மாத்திரை போட்டுண்டேளா?” என்பாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் பிரியமாக ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு அவள் கேட்டதில்லை. பிரியமெல்லாம் அந்த ‘நீ’க்கும் ‘நீங்கோ’வுக்கும் நடுவேதான் ஓடியது. புருஷன் நீ என்பான், பெண்டாட்டி நீங்கள் என்பாள். அவள் அறிந்த தாம்பத்தியம் அதுதான், அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

ஆகவே அவருக்கு எழுதினாள்: ‘நீங்கள் என்னை து என்று அழையுங்கள். அதைவிட எனக்கு வேறு சந்தோஷம் இல்லை. நான் உங்களை வூ என்றே அழைக்கிறேன். தயவுசெய்து இதற்கு அனுமதி தாருங்கள்.’

ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் கணவனை இப்படித்தான் அழைப்பார்கள் என்று எழுதியிருந்தால் போதும். எழுதத்தான் நினைத்தாள். ‘கணவன்’ என்கிற சொல்லை அடித்துவிட்டு உடனே அழித்தாள். அவர் இன்னும் கேட்காததைத் தான் எப்படி முந்திக்கொண்டு சொல்வது? வாயை விட்டுச் சொல்லாமலே அவருக்குப் புரியும் என்று நினைத்தாள். பெண் தன் மனசை இதைவிட வெட்டவெளிச்சமாகக் காட்ட முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆஷாவிடம்கூடக் காட்டவில்லை. அனுப்பிவிட்டு, முகம் சிவந்துபோய், குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்தாள்.

பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. கனெக்‌ஷன் சரியில்லையோ என்று தனபாலனைக் கேட்டாள். “லைன் நல்லாத்தான் கீது மேடம், மெயில் வர்ல, அவ்ளோதான்” என்றார் அவர்.

செப்டம்பர் நடுவில் வந்தது. எத்தியென் எழுதியிருந்தார்: ‘உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். என் அம்மா ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். அந்த வீட்டில் எல்லாரும், குழந்தைகள் உட்பட, அவளை து என்பார்கள். அவள் எல்லாரையும் வூ என்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அது என் வீட்டில் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன். நீங்கள் நெருங்கி வர விரும்பவில்லை என்றால் எனக்குப் புரிகிறது. நாம் இருவரும் வூ என்றே இருப்போம்.’ டிசம்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஸ்ரீரஞ்சனிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தான் கொடுக்கக்கூடியதில் பெரியதைக் கொடுத்தாள். அது அவர் கையில் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திய மாதிரி ஆகியிருந்தது. அவமானமாக இருந்தது. அவமானப்பட்ட மனுஷர்கள் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள். ஒன்றும் நடக்காததுபோல மழையைப் பற்றி எழுதினாள். அவரும் மழையைப் பற்றி எழுதினார். மெயில்களுக்கு நடுவே இடைவெளி அகன்றுகொண்டே போயிற்று. அவள் மறுபடியும் பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்தாள்.

நவம்பரில் ஒரு நாள், டியூஷன் சென்டரில் டீ குடிக்கும்போது ஆஷாதான் கேட்டாள். “என்ன மிஸ், உங்க ஆள் டிக்கெட் போட்டாச்சா?”

“அவர் வரலை.”

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. ஆஷா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

“அய்யோ மிஸ்! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? பாவம் அந்த மனுஷன், பக்கத்துல வந்து உக்காரட்டுமான்னு கேட்டாரு. நீங்க அவரை மேடையில ஏத்தி விட்டுட்டு, கீழ நின்னு கும்புடு போட்டிருக்கீங்க.”

“அது எங்காத்துப் பழக்கம், ஆஷா. அம்மா அப்பாவை ஒரு நாள்கூட நீன்னு சொன்னதில்லை.”

“எங்க வீட்டுல எங்கம்மா நைனாவை ‘யோவ், நீ இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் கழிச்சு வர?’ன்னுதான் கேக்கும். நைனாவும் ‘இன்னா தேசம், நீ சாப்ட்டியா?’ன்னும். மரியாதை இல்லாமலா இருக்கு? போன புயல்ல நைனாவோட போட்டு திரும்பாதப்போ, எங்கம்மா தண்ணியில எறங்கி நின்னுகினு ‘நீ வாய்யா, நீ வாய்யா’ன்னு கத்துச்சு பாருங்க. அங்க போயி ‘நீங்க வாங்க’ன்னா கத்துவாங்க?”

இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் அப்போதுதான் ஸ்ரீரஞ்சனிக்குள் இறங்கியது. எத்தியென் கேட்டது மரியாதையைக் குறைத்துக்கொள்ள இல்லை. அவர் தனக்குச் சமமாக ஒருத்தி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

“இப்ப எழுதுங்க மிஸ். இன்னிக்கே எழுதுங்க. ஒரு வரி போதும்” என்றாள் ஆஷா.

அன்றைக்கே லஸ்ஸுக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மூலைத் தடுப்பில் உட்கார்ந்து ‘து’ என்று அடித்தாள். வகுப்பில் நாளெல்லாம் வாய் ஓயாமல் சொல்கிற சொல்தான். ஆனால் அங்கே யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. ஒன்பது வயது பெரியவர், மனசுக்குள் புருஷன் என்று வரித்துவிட்ட ஆண்பிள்ளை, அவரை எப்படி ‘நீ’ என்பது? அம்மா உயிரோடு வந்து நின்றுகொண்டு பார்ப்பது போலிருந்தது. அழித்தாள். மறுபடி அடித்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, தனபாலன் இரண்டு தரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்:

‘எத்தியென், எங்கள் வீட்டில் மனைவி கணவனை வூ என்றுதான் அழைப்பாள். அதனால்தான் அப்படி எழுதினேன். உன் அம்மாவைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு. நீ வா. உனக்காக நான் காத்திருக்கிறேன்.’

அனுப்பிய பிறகு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. வெளியே வந்து மழையில் நனைந்துகொண்டே நடந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் லேசாகவும் இருந்தது. வழியெல்லாம் அவள் உதடு தானாக முணுமுணுத்துக்கொண்டே வந்தது. நீ வா. அபிராமபுரம் போய்ச் சேர்வதற்குள் அது பழகிவிட்டது. இன்னும் ஒரு தரம் சொல்லச் சொன்னால் கூசாமல் சொல்லியிருப்பாள்.

டிசம்பர் பிறந்தது. சபாக்களில் கச்சேரி ஆரம்பித்தது. இந்த வருஷம் அவள் டிக்கெட் எதுவும் வாங்கவில்லை. டியூஷன் முடிந்ததும் தினமும் லஸ்ஸுக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்பினாள். ஆஷா தினமும் முகத்தைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்திருந்தது. திறப்பதற்கு முன் அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

சில வரிகள்தான். ‘உங்கள் கடிதம் என்னை மிகவும் தொட்டது. உங்களை நான் தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருந்துகிறேன். ஆனால் இந்த அக்டோபர் முதல் என் வாழ்க்கையில் ஒருவர் இருக்கிறார். அதை உங்களிடம் மறைப்பது நேர்மையாகாது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.’ ஒவ்வொரு வரியிலும் வூ. கடைசியில், ‘அம்மையீர், என் உயர்ந்த மதிப்பைத் தயவுகூர்ந்து ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.’

பிரெஞ்சுக்காரர்கள் பாங்க் மேனேஜருக்கும் மின்சார வாரியத்துக்கும் எழுதுகிற கடிதத்தை அப்படித்தான் முடிப்பார்கள். அலுவல் கடிதம் என்கிற பாடத்தில் வரும். ஒரு எழுத்துப் பிசகினாலும் மார்க் போய்விடும் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறவள் அவளேதான்.

அவர் மேல் கோபம் வரவில்லை. நல்ல மனிதர், நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். அதனால்தான் தாங்க முடியவில்லை. அவள் கத்தவில்லை. பக்கத்துத் தடுப்பில் யாரோ அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே மெயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் நின்றுபோனபோதும், அம்மா போனபோதும் இப்படி அழுததில்லை.

“மேடம், இன்னும் டைம் வேணுமா?” என்று தடுப்புக்கு வெளியிலிருந்து தனபாலன் கேட்டார்.

“வேண்டாம், போதும்” என்றாள்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு ஆணை அவள் ‘நீ’ என்று அழைத்திருந்தாள், அதற்கு அவர் ‘அம்மையீர்’ என்று பதில் சொல்லியிருந்தார்.